ஒரு கால் வெளியே

என் நாத்தனார் வீட்டில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தவர்கள், மறு ராத்திரியும் அங்கே படுத்ததாகச் சரித்திரம் கிடையாது. சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது, உபசாரத்திலும் குறை சொல்ல முடியாது. படுக்கைதான் காரணம். நானும் அதில் படுத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த வாரம், அந்த வாசனை எனக்கு ஆகாது என்று அங்கே போனேன். மெத்தையின் நாலு மூலையிலும் விரிப்பை மடித்து அடியில் செருகி, அதற்குமேல் போர்வையையும் அதேபோல இறுக்கிச் செருகி வைத்திருந்தார். தலைமாட்டிலிருந்து காலை விட்டு, கவருக்குள் கடிதம் போவதுபோல உள்ளே இறங்கினேன். இறங்கியபிறகு கால் கட்டைவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. திரும்பிப் படுத்தால், அடியில் விரித்திருந்த ரப்பர் ஷீட் சரசரவென்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் சேதி சொன்னது.

காலை ஐந்து மணிக்கு லைட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். "நல்லா தூங்குனியா?" என்று கேட்டுக்கொண்டே, நான் உள்ளே கிடக்கும்போதே போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டார். நாடி பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. அன்றைக்கே எனக்குப் பெயிண்ட் வாசனை பிடித்துப்போய்விட்டது.

அவர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எலும்பு முறிவு வார்டில் முப்பத்து நாலு வருஷம் நர்ஸாக இருந்து, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் இன்னும் சிஸ்டர்தான். யாருக்காவது கால் சுளுக்கினால் டாக்டருக்கு முன்னால் அவரைத்தான் தேடுவார்கள். அவரும் வாசலிலேயே உட்காரவைத்து, பாதத்தை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு, "எங்க பாத்துட்டு நடந்தீங்க?" என்று திட்டிக்கொண்டே கட்டுப் போட்டு அனுப்புவார். கை அவ்வளவு இதம், வாய் அவ்வளவு காரம். இந்த இரண்டாவதில் நானும் சளைத்தவள் இல்லை என்பதால்தான் எங்களுக்குள் முப்பது வருஷமாக ஒத்துப்போகிறது.

அந்த முப்பத்து நாலு வருஷத்தில் இருபத்தைந்துக்கு மேல் ராத்திரி டூட்டி. யாரும் தலையில் கட்டியது அல்ல, அவரே கேட்டு வாங்கியது. காரணம் குட்டி. குட்டி என்பது அண்ணியின் மகள். வயது முப்பத்தொன்று ஆகிறது, ஒரு ஊரின் குடிநீரையே சோதித்துக் கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர், ஆனாலும் எங்களுக்குக் குட்டிதான். அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அப்பா காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அப்போது அண்ணி போட்ட திட்டம் இது. பிள்ளை பகலில் விழித்திருப்பாள், அப்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். ராத்திரி தூங்கப்போகிறவளுக்கு அம்மா எதற்கு? அதனால் ராத்திரி எட்டு மணிக்குக் குட்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். காலை ஏழரைக்கு வந்து கூட்டிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் தூங்குவார். அவள் திரும்பி வருவதற்குள் எழுந்து, தலை வாரி, முகம் கழுவி, வாசலில் நிற்பார். பதினைந்து வருஷம் இப்படி. ஒரு நாள் தவறியதில்லை.

திட்டத்தில் யாரும் ஓட்டை கண்டுபிடிக்கவில்லை. நானும் கண்டுபிடிக்கவில்லை. அந்த ராத்திரிகள் எல்லாம் எனக்குக் கிடைத்தன, நான் ஏன் ஓட்டை தேடப்போகிறேன்? எனக்கு ஒரே பையன், அவன் படுத்தால் அடித்துப்போட்டதுபோல மூலையில் கிடப்பான். குட்டிதான் என் பக்கத்தில், சுவர் ஓரமாக.

வேலைக்குப் போனபிறகு குட்டி இந்த ஊருக்கு வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் பகலெல்லாம் அம்மாவோடு பேசிச் சிரித்துவிட்டு, ராத்திரி ஆனதும் பையைத் தூக்கிக்கொள்வாள். வேலையாக வந்தால் தங்கக் கம்பெனி ரூம் இருக்கிறது, காலையில் சீக்கிரம் வேலை, அங்கிருந்தால் கிட்டம் என்று ஏதாவது சொல்வாள். போன வருஷம் அண்ணி, சாமான் போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து, கட்டில் போட்டு, விருந்தாளி அறை என்று ஒன்றை உண்டாக்கினார். குட்டி அதில் ஒரே ஒரு ராத்திரி படுத்தாள். மறுநாள் கம்பெனி ரூமுக்குப் போய்விட்டாள். அவளை நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் படுக்கை எனக்குத் தெரியாததா?

இந்தத் தடவை போனில் சொன்னாளாம்: "ஏழு நாள் வேலைம்மா. ரூம் போட்டிருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் உன்கூட இருக்கேன், பாப்போம்."

அண்ணி, "சரி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மறுநாள் மத்தியானம், நான் வேலை செய்கிற பள்ளிக்கூட ஆபீஸுக்கே வந்துவிட்டார். கையில் இஞ்ச் டேப்.

"ஞாயித்துக்கிழமை காரை எடு. மெத்தை வாங்கணும்."

"இருக்கற மெத்தைக்கு என்ன அண்ணி?"

"அது சரியில்ல போலிருக்கு. அதான் போன தடவை எந்திரிச்சு ஓடிட்டா." டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "ஏழு ராத்திரி வரா. ஏழும் இங்க தங்கணும்."

இப்படி வாய்விட்டு ஒன்றை வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் என்னிடம்தான் சொன்னார், சொல்ல வேண்டியவளிடம் "சரி"யோடு நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் அண்ணியோடு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் கணவர், "பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாதுன்னு சும்மாவா சொன்னாங்க. தூக்கம் வந்தா கட்டாந்தரையே போதும். இதுக்கு ஒரு மெத்தையா?" என்றார்.

"அது தூக்கம் வர்றவனுக்குச் சொன்னதுடா. வராதவனை நான் முப்பத்து நாலு வருஷம் பாத்திருக்கேன்" என்றார் அண்ணி. அக்காவிடம் என் கணவர் ஜெயித்து நான் பார்த்ததே இல்லை.

மெத்தைக் கடை மாடியில் இருந்தது. செருப்பைப் படியிலேயே கழற்றச் சொன்னார்கள். நீளமான ஹால், இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள், நடுவில் நடைபாதை. அண்ணி உள்ளே நுழைந்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடமும் வலமும் பார்த்துக்கொண்டே கடைசிவரை ஒரு நடை நடந்தார். மூன்றாவது கட்டிலில் விரிப்பு கோணலாக இருந்தது, நின்று அதைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தார். நோயாளிகள் இல்லாததுதான் குறை.

கடைக்காரர் கனத்த உடம்புக்காரர், பொறுமைசாலி. தேங்காய் நார் மெத்தை, பஞ்சு மெத்தை, ஸ்பிரிங் மெத்தை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றைத் தட்டி, "இது நம்ம உடம்பை ஞாபகம் வச்சுக்கும்மா" என்றார்.

"எனக்கே சாவி வச்ச இடம் ஞாபகம் இருக்க மாட்டேங்குது" என்றேன் நான். அவர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார், முஷ்டியால் அழுத்திப் பார்த்தார், ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"படுத்துப் பாருங்கம்மா. அதுக்குத்தான் கால்மாட்டுல பிளாஸ்டிக் போட்டிருக்கோம்."

"படுக்கப்போறது நான் இல்லையே" என்ற அண்ணி, "ரத்தம் பட்டா கழுவினா போகுமா?" என்று கேட்டார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "நர்ஸா இருந்தவங்க" என்று சொல்லிவைத்தேன். இல்லாவிட்டால் அந்த மனிதர் என்ன நினைத்திருப்பாரோ.

அண்ணிக்குப் பிடித்தது ரெக்ஸின் உறை போட்ட ஒற்றை மெத்தை. பத்து இஞ்ச் கனம். டேப்பை எடுத்துத் தரையிலிருந்து தன் இடுப்புவரை அளந்தார். "கட்டிலோட சேத்தா சரியா வரும்."

"அண்ணி, குட்டி குள்ளம். அதுல உக்காந்தா கால் தரைக்கு எட்டாது."

"பக்கத்துல நிக்கறவங்களுக்குக் குனிய வேண்டாமே. முதுகு தப்பிக்கும்."

"யாரு பக்கத்துல நிக்கப்போறா?"

அண்ணி டேப்பைப் பிடித்தபடி நின்றார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் அதற்குமுன் கேட்டிருக்க மாட்டார்கள். அவருக்குக் கட்டில் என்றால் அதன் பக்கத்தில் நிற்பதுதான்.

அப்போதுதான் கடைக்காரர் நடுவில் வந்தார். பாவம், தொழிலுக்குக் கேட்கவேண்டியதைத்தான் கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும்மா. தூங்கப்போறது யாரு?"

"என் பொண்ணு."

"எப்படிப் படுப்பாங்க? மல்லாந்தா, குப்புறவா, ஒருக்களிச்சா? அதை வச்சுத்தான் மெத்தை சொல்லணும்."

"எல்லாரையும் மாதிரிதான். சாதாரணமா."

"சாதாரணம்னா எப்படிம்மா? மல்லாந்தா?"

இடுப்பெலும்பு உடைந்தவன் எப்படிப் படுப்பான், தோள்பட்டை நழுவியவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அண்ணி. இதற்குப் பதில் தெரியாமல் மெத்தையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

தவளையும் தன் வாயால்தான் கெடும். நான் முந்திக்கொண்டேன். "ஒருக்களிச்சுத்தாங்க படுப்பா. வலது பக்கமா. ஒரு தலையணை தலைக்கு, இன்னொண்ணு கட்டிப்பிடிக்க. எவ்வளவு குளிரானாலும் ஒரு கால் போர்வைக்கு வெளிய இருக்கணும், இல்லேன்னா தூக்கம் வராது. நல்லா உருளுவா, ஒற்றை மெத்தை பத்தாது."

பெருமையாகத்தான் சொன்னேன். மறைப்பானேன்? பதினைந்து வருஷ ராத்திரியைக் கையில் வைத்திருப்பவள், கேட்டதும் அள்ளிக் கொட்டினேன். கொட்டி முடித்தபிறகுதான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் ஜன்னல் ஓரமாகப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் கிழிந்திராத ஒரு உறையைக் கிழிந்திருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். "இவ சொன்னபடி குடுங்க" என்றார்.

அடியில் நாரும் மேலே மெத்தென்ற ஃபோமும் வைத்த இரட்டை மெத்தையாக வாங்கினோம். ஆறு இஞ்ச் கனம், துணி உறை. கட்டிலும் அதற்கேற்ற தாழ்வானதாக. விரிப்பு வாங்கும்போது அண்ணியின் கை தானாக வெள்ளைக்குப் போயிற்று. நான் சின்னச் சின்ன இலை போட்ட வெளிர்பச்சையை நீட்டினேன்.

"இதுல கறை தெரியாதே."

"தெரியாம இருக்கறதுதான் அண்ணி நல்லது."

விரிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கையால் அல்லாமல் கன்னத்தால் ஒன்றைச் சோதித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதையே எடுத்துக்கொண்டார்.

மெத்தையை அனுப்பிவைக்கச் சொல்லிவிட்டுக் காரில் கிளம்பினோம். சிக்னலில் நின்றபோது அவர் பையிலிருந்து கடை ரசீதை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, பேனாவைத் திறந்தார்.

"வேற என்ன பண்ணுவா?"

"யாரு?"

"குட்டிதான். தூக்கத்துல."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஃபேன் காற்று முகத்தில் படக்கூடாது. அறைக் கதவு முழுசாக மூடியிருக்கவும் கூடாது, வெளிச்சம் உள்ளே வரவும் கூடாது. முதல் அரைமணி நேரம் யாராவது பக்கத்து அறையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தால் சீக்கிரம் தூங்கிவிடுவாள். காலையில் தானாக எழுந்தால் நல்ல பிள்ளை, யாராவது எழுப்பினால் ஒன்பது மணிவரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். அண்ணி எல்லாவற்றையும் நம்பர் போட்டு எழுதிக்கொண்டார். நோயாளியின் சார்ட்டில்கூட அவர் இவ்வளவு கவனமாக எழுதியிருப்பாரா தெரியாது.

"அஞ்சு மணிக்கு எழுப்பக்கூடாதா?"

"கூடாது."

அதையும் எழுதினார். "தூக்கத்துல பேசுவாளா?"

"பேசுவா."

"என்ன பேசுவா?"

அம்மா என்று கூப்பிடுவாள் என்று சொல்லியிருக்கலாம். அவர் எதிர்பார்த்ததும் அதுதான். சொல்லியிருந்தால் கொஞ்சம் அழுதுவிட்டுச் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் குட்டி அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏழாம் வாய்ப்பாடு சொல்லுவா அண்ணி. ஏழெட்டு அம்பத்தாறு வரைக்கும். அதுக்கப்புறம் தப்புத் தப்பா போகும்."

அண்ணி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டுகிறவரை சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்தபிறகு அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "தூங்கறவளுக்கு நான் எதுக்குன்னு நினைச்சேன். நாற்பது பேர் தூங்கறதை உக்காந்து பாத்தேன், ஒவ்வொரு ராத்திரியும். அவளை விட்டுட்டேன்."

"சம்பாதிக்க வேண்டாமா அண்ணி? பகல்ல அவளை யாரு பாத்துப்பா? நீங்க செஞ்சது சரிதான்."

"சரிதான். அதனாலதான் ராத்திரியானா வேற வீட்டுக்குப் போயிடறா. நானே பழக்கினது." ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "மெத்தை மட்டும் போதுமான்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை. வண்டியை ஓட்டினேன்.

மெத்தை வியாழக்கிழமை வந்து இறங்கியது. குட்டி சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வருவதாக இருந்தது. அன்று மத்தியானம் நான் போனபோது அறை தயாராக இருந்தது. சார்ட்டில் இருந்தபடி எல்லாம் நடந்திருந்தது. ஃபேன் காற்று நேராகப் படாதபடி கட்டிலைத் தள்ளிப் போட்டிருந்தார். இரண்டு தலையணை இருந்தன. ரப்பர் ஷீட் எங்கும் இல்லை. ஆனால் விரிப்பும் போர்வையும் கால்மாட்டில் தம்பட்டம்போல இறுகியிருந்தன.

நான் போர்வையின் மூலையை உருவிவிட்டேன். காப்பி போட்டு எடுத்துவந்து பார்த்தால் மறுபடி செருகியிருந்தது. உருவினேன். ஜன்னல் திரையை மாட்டிவிட்டுத் திரும்பினால் மறுபடியும் செருகியிருந்தது.

"அண்ணி!"

"நான் என்ன பண்ண? கை கேக்க மாட்டேங்குது" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"நீங்க ஒரு தடவை படுத்துப் பாருங்க. அப்பத்தான் கைக்குப் புரியும்."

"நானா? அடுப்படியில வேலை அப்படியே கிடக்கு."

"பத்தே நிமிஷம். எங்களையெல்லாம் அதுல போட்டுக் கட்டுனீங்கல்ல, ஒரு தடவை நீங்களும் அனுபவிங்க."

அண்ணிக்கென்று அந்த வீட்டில் நல்ல படுக்கை கிடையாது. கூடத்தில் ஒரு நாடாக் கட்டில், அதில் பகலில் ஒரு மணி, இரண்டு மணி கண் அசருவார். ராத்திரி தூக்கம் அவரை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஓய்வு பெற்றபிறகும் நடுநிசியில் எழுந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார் என்பது எனக்குத் தெரியும்.

விளிம்பில் உட்கார்ந்தார். செருப்பை ஒன்றுக்கொன்று சமமாக வைத்தார். பிறகு நேராகப் படுத்து, இறுக்கமான போர்வைக்குள் காலை நுழைத்து, கைகளை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். கூரையைப் பார்த்தார்.

"அந்த டியூப்லைட் கண்ணுல குத்துது."

"குத்தும்."

"கால் விரல் மடங்கிக்குது."

"மடங்கும்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "இங்கேருந்து பாத்தா நிக்கறவங்க ரொம்ப உசரமா தெரியறாங்க" என்றார். "கொஞ்சம் பயமாக்கூட இருக்கு."

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவரே காலால் உதைத்துப் போர்வையைக் கால்மாட்டில் விடுவித்தார். விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.

"வலது பக்கமா?" என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் படுத்தார். இரண்டாவது தலையணையைக் கட்டிக்கொண்டார். சேலை விலகாமல் பார்த்து, ஒரு காலை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டினார். "இப்படியா படுப்பா?"

"முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கணும்."

மடக்கினார். "இது நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்புல பாலு..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடியவில்லை.

நான் போய்ப் பாலை இறக்கினேன். பாத்திரங்களைக் கழுவினேன். கொஞ்சம் சத்தமாகவேதான் உருட்டினேன்.

மணி நாலு இருக்கும். வாசலில் கார் வந்து நின்றது. குட்டி! முந்தின வண்டியே கிடைத்துவிட்டதாம். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, "அம்மா எங்க அத்தை?" என்றாள். இவள் வரும்போது அம்மா வாசலில் நிற்காதது இதுதான் முதல் தடவை, அதனால் குரலில் பயம் இருந்தது. "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"தூங்கறாங்க."

"அம்மாவா?"

அவளுக்கு அது புரியாத மொழி. அறை வாசலில் போய் நின்றாள். அண்ணி அதே வாட்டத்தில் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலைமுடி கலைந்து, கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது. ஒரு கால் வெளியே கிடந்தது.

குட்டி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் குனிந்து, "நான் அம்மா தூங்கிப் பாத்ததே இல்ல அத்தை" என்றாள். "சின்ன வயசுல நிஜமாவே தூங்க மாட்டாங்கன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். ஸ்கூல்லகூடச் சொல்லியிருக்கேன், எங்கம்மாவுக்குத் தூக்கமே கிடையாதுன்னு." மறுபடியும் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "என்னை மாதிரியே தூங்கறாங்க."

நான் சொல்லிக்கொடுத்ததுதான் என்று நாக்கு நுனிவரை வந்தது. முழங்காலை மடக்கச் சொன்னதே நான்தான். வாழ்க்கையில் ஒரு தடவை வாயை அடக்கியிருக்கிறேன் என்றால் அது அன்றைக்குத்தான். "உங்கம்மாதானே, வேற யாரை மாதிரி தூங்குவாங்க?" என்றேன்.

குட்டி ஓசைப்படாமல் உள்ளே போனாள். இடுப்புவரை நழுவியிருந்த போர்வையை எடுத்துத் தோள்வரை இழுத்துவிட்டாள். வெளியே இருந்த காலை மூடவில்லை. அது எதற்கு வெளியே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? பிறகு கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், பிரயாணத்தின் அழுக்கோடு அப்படியே படுத்துக்கொண்டாள். இரட்டை மெத்தை வாங்கச் சொன்ன புண்ணியத்தை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான் கூடத்தில் வந்து நாடாக் கட்டிலில் உட்கார்ந்தேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

ஐந்தரை மணிக்கு உள்ளே கட்டில் அசைந்தது. அண்ணி பதறி எழுந்து உட்கார்ந்திருந்தார். தலையைக் கோதிக்கொண்டு, பக்கத்தில் கிடக்கிறவளைப் பார்த்து, "எப்ப வந்த? எழுப்பியிருக்கக் கூடாதா? வாசல்ல கூட நிக்கல நான்" என்றார்.

"எழுப்பினா நீ ஒன்பது மணி வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பேன்னு பயந்தேன்" என்றாள் குட்டி, கண்ணைத் திறக்காமல். அது அவளைப் பற்றி நான் சொல்கிற குறை, அதை அம்மாமேல் ஏற்றினாள்.

பிறகு அண்ணி கேட்டார். முப்பது வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. "எத்தனை ராத்திரி இருப்ப?"

"நீ எங்க படுப்ப?"

"கூடத்துல கட்டில் இருக்கு எனக்கு."

"இங்கயே, இப்படியே, நீயும் தூங்கறதா இருந்தா ஏழு ராத்திரியும் இருக்கேன். ராத்திரி எந்திரிச்சு ரவுண்ட்ஸ் போனா, மறுநாளே ரூமுக்குப் போயிடுவேன்."

கால்மாட்டில் விரிப்பின் ஒரு மூலை மெத்தைக்கு வெளியே பிதுங்கிக் கிடந்தது. அதைச் செருகுவதற்கு அண்ணி கையை நீட்டினார். பாதி வழியில் கை நின்றது. கையை இழுத்துக்கொண்டு, வலது பக்கமாகத் திரும்பி, மறுபடியும் படுத்தார்.